கடைக்கு வந்த கணக்கு

எரிந்த மோட்டரைக் கழற்றினால் முதலில் மூக்குக்குத்தான் விஷயம் தெரியும். வார்னிஷ் கருகின அந்த மணத்துக்குள்தான் நான் வளர்ந்தேன். வன்னியில் உள்ள மல்லாவியில், துணுக்காய்க்குப் போகிற வீதியில் எங்கள் கடை. தோட்டக் கிணற்று மோட்டர், அரிசி ஆலை மோட்டர், சில வேளை வீட்டு மின்விசிறி என்று எரிந்துபோனதெல்லாம் வரும். கருகின கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்போம். அப்பா தொடங்கின கடை. இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம்.

போன வருடம் வைகாசியில் ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெடியனுக்குப் பதினேழு வயது.

“கணக்கு ரெண்டு தரமும் பெயில், பிள்ளை. இவனுக்குப் படிப்பு ஏறாது. உங்களோட வைச்சு வேலை பழக்கிவிடுங்கோ.”

அவன் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றின பேச்சு நடக்கிறது, ஆனால் தான் அங்கே இல்லை என்பது மாதிரி ஒரு நிற்பு. எங்கள் ஊரில் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த நிற்பு பழக்கம். வருடத்துக்கு மூன்று நான்கு பிள்ளைகள் இப்படி வந்து நிற்பார்கள்.

எங்கள் தொழிலில் முதல் வேலை எழுதுவது. எரிந்த கம்பியை வெட்ட முதல், அந்த மோட்டருக்குள் என்ன இருந்தது என்று குறித்து வைக்கவேண்டும். மொத்தம் எத்தனை சிலொட் (கம்பி இறங்குகிற காடி), எந்தச் சிலொட்டில் தொடங்கின கொயில் எந்தச் சிலொட்டில் இறங்குகிறது, ஒவ்வொரு கொயிலிலும் எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ். இதை எழுதாமல் வெட்டினால் அந்த மோட்டர் அநாதை. அப்பா இதை “மோட்டரின்ர சாதகம் எழுதுறது” என்பார். பெடியனிடம் ஒரு குதிரைவலு மோட்டரின், கம்பி சுற்றியிருக்கிற சுழலாத பகுதியான ஸ்ரேற்றரையும் அப்பியாசக் கொப்பி ஒன்றையும் கொடுத்து, பார்த்து எழுது என்று சொல்லிவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

24 சிலொட் உள்ள மோட்டர். அவன் எழுதினது இது: 1–12, 2–11, 3–10, 4–9. சரியாகத்தான் எழுதியிருந்தான். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

“அக்கா, இது எல்லாத்தையும் கூட்டினா பதின்மூண்டு வருது.”

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் பன்னிரண்டும் பதின்மூன்று. இரண்டும் பதினொன்றும் பதின்மூன்று. மூன்றும் பத்தும், நாலும் ஒன்பதும். சின்ன வயதிலிருந்து இந்தக் கொயில்களை இறக்கியிருக்கிறேன். எத்தனை நூறு மோட்டர் என்று கணக்கில்லை. ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

காரணம் பிறகு யோசித்தால் விளங்குகிறது. கொயில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே நடுவைச் சுற்றி உட்காருகின்றன. அந்த நடு ஆறாம் சிலொட்டுக்கும் ஏழாம் சிலொட்டுக்கும் இடையில் விழுகிறது. இடப்பக்கம் ஒரு சிலொட் விலகினால் வலப்பக்கமும் ஒன்று விலகவேண்டும். ஒன்று கூட மற்றது குறைய, கூட்டுத்தொகை அசையாது. நான் இதை வாயால் விளக்க முயன்றுகொண்டிருக்கும்போதே அவன் சொன்னான்: “அப்ப மற்றப் பக்கம் முப்பத்தேழு வரவேணும்.” ஸ்ரேற்றரைத் திருப்பிப் பார்க்காமலே சொன்னான். மற்றப் பக்கம் 13–24, 14–23, 15–22, 16–21. முப்பத்தேழுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு வேலை முறை கிடைத்தது. கொயிலைப் பிழையான சிலொட்டில் இறக்கினால் கூட்டிப் பார்த்தே பிடித்துவிடலாம். இப்போது கடையில் எல்லாரும் அப்படித்தான் சரிபார்க்கிறோம். கணக்கில் இரண்டு தரம் பெயில் விட்ட பிள்ளை தந்த முறை அது.

அடுத்த கிழமை மோட்டரின் தகட்டைக் காட்டிக் கேட்டான், ஏன் 2880 என்று போட்டிருக்கிறது, அது என்ன இலக்கம் என்று. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொன்னேன். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 120 ஐ 50 ஆல் பெருக்கி, முனைவுகளின் எண்ணிக்கையால் பிரித்தால் காந்தப் புலம் சுழலுகிற வேகம் வரும். இரண்டு முனைவு மோட்டருக்கு 3000. ஆனால் உள்ளே இருக்கிற ரோட்டர் அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது, எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் இழுக்கிற விசையே இல்லாமல் போய்விடும். 3000 க்கும் 2880 க்கும் இடையிலான அந்த 120 சுற்றுப் பின்னடைவு மூவாயிரத்தில் எத்தனை வீதம் என்று கேட்டேன். கையில் இருந்த அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, நாலு என்றான். வீதம் என்ற பாடம் எட்டாம் வகுப்பிலிருந்து அவனை உருட்டியிருக்கிறது. அன்றைக்கு அது ஓடுகிற ஒரு சாமானாக அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது.

நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கரும்பலகையில் எழுதித்தான் படிப்பிக்க முடியும். எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்தப் பிள்ளை ஏன் தோற்ற பிறகுதான் என் கடைக்கு வந்தான்? பதினைந்து வயதில், பாடசாலைச் சீருடையோடு, ஆசிரியர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்தப் பதின்மூன்றை அவன் அப்போதே கண்டிருப்பான். கணக்குப் பரீட்சையும் ஒருவேளை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

“வேலை பழகுறது” என்பது எங்கள் ஊரில் பெரிய சொல். வன்னி முழுக்க அதில்தான் நிற்கிறது. கராஜ், வெல்டிங், மர ஆலை, நெல் ஆலை, மேசன் வேலை, தையல், சலூன், எல்லாமே ஒருவர் இன்னொருவரிடம் நின்று பழகினது. தொண்ணூறுகளில், போருக்குள், பொருளாதாரத் தடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினோம். தொடக்கி வைக்க மட்டும், சூப்பிப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஜாம் போத்தலில் விளக்கு எரித்துப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது மல்லாவி ஒரேயடியாக நிரம்பி வழிந்தது. அந்த நெரிசலுக்குள் ஒவ்வொரு மரத்துக்குக் கீழும் ஒரு திருத்தகம் இருந்தது. கொப்பர் கம்பி கிடைக்காதபோது அப்பா எரிந்த கொயிலை அவிழ்த்து, இரண்டு மரத்துக்கு இடையில் இழுத்து நேராக்கி, வார்னிஷ் பூசித் திரும்பவும் சுற்றினார். பழைய கம்பியைச் சுருட்டுவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. மேசை நாற்காலி இல்லாமல் நான் படித்த பௌதிகம் அது.

அந்தக் காலத்து மெக்கானிக்மார் ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிறகு கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குப் போக நினைத்தவர்கள், இருபது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு “கையாள்” என்று பதிய வேண்டி வந்தது.

எங்கள் பக்கத்துப் பிழையையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடவேண்டும். கடைக்காரர் எல்லாரும் நல்ல ஆசான்கள் இல்லை. அப்பா இளவயதில் வேறு ஊரில் ஒருவரிடம் நின்று வைண்டிங் பழகினார். சுற்றுக்களை எண்ணுகிற நேரம் வந்தால் முதலாளி அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிடுவாராம், பீடி வாங்கிவா, தேத்தண்ணி வாங்கிவா என்று. திரும்பி வரும்போது கொயில் சுற்றி முடிந்திருக்கும். இலக்கம் தெரிந்தால் பெடியன் போய்த் தனிக்கடை போட்டுவிடுவான் என்ற பயம். இரண்டு வருடம் அப்பாவுக்குத் துடைப்பக்கட்டையும் தேநீர்க் கோப்பையும்தான். ஒரு நாள் எரிந்த கொயில் ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணித்தான் தொழிலைப் பிடித்தார். அதனால்தான் எங்கள் கடையில் சாதகக் கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்கும். யாரும் பார்க்கலாம், யாரும் எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் எல்லாக் கடையிலும் இது நடக்காது. தேத்தண்ணி வாங்குவதும் கூட்டிப் பெருக்குவதுமே முதல் ஆறு மாதம் என்ற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. பாடசாலையின் கண் கடைக்குள் விழவேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான். ஓர் ஆசிரியர் மாதம் இருமுறை வந்து “தம்பி, இந்த இரண்டு கிழமையில் என்ன பழகினாய்?” என்று கேட்டால், எந்த முதலாளியும் ஏதாவது பழக்கித்தான் ஆகவேண்டும்.

பாடசாலையையும் பட்டறையையும் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் இலங்கைக்குப் புதிதில்லை. 1971 சித்திரையில் தெற்கில் படித்த இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். படிப்பு இருந்தது, வேலை இல்லை. அடுத்த வருடமே கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் காலத்தில் பாடவிதானத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள். பழைய சாதாரண தரத்தின் இடத்தில் புதிய பரீட்சை ஒன்று வந்தது, முதல் தடவை 1975 இல் நடந்தது. அதில் தொழில் முன்னிலைப் பாடம் கட்டாயம். அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலை தெரிந்தெடுக்கலாம். மீன்பிடி ஊரில் மீன்பிடி, மட்பாண்ட ஊரில் மட்பாண்டம். கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது! என் பெரியப்பா அந்தப் பரம்பரை. தச்சுவேலை படித்தாராம். படிப்பித்த ஆசிரியர் உளியே பிடித்தறியாதவர் என்று இன்றும் சொல்வார். ஊரில் நல்ல தச்சர்கள் இருந்தார்கள், அவர்களை ஒருவரும் வகுப்புக்குக் கூப்பிடவில்லை, பிள்ளைகளும் அவர்களுடைய பட்டறைக்குப் போகவில்லை. பாடப்புத்தகத்தில் படம் பார்த்துத் தச்சுவேலை எழுதினார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக அது உதவாது என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. 1977 இல் ஆட்சி மாறினதோடு எல்லாம் மறைந்து, சாதாரண தரம் திரும்பி வந்தது. எண்ணத்தில் பிழை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். உளி பிடிக்கிற கையை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள்.

பிறகு நாற்பது வருடம் கழித்து, 2017 இல், பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி வந்தது. முதலில் நாடு முழுவதும் 42 பாடசாலைகளில் தொடங்கினார்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகலாம் என்பதுதான் அதில் பெரிய விஷயம். 26 தொழிற்பாடங்களிலிருந்து விருப்பமானதைத் தெரியலாம். பன்னிரண்டில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பதின்மூன்றில் பயிற்சி நிலையத்திலும் தொழில் நடக்கிற இடத்திலும் பயிற்சி, முடிவில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., நான்காம் மட்டச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் மேற்பார்வை இல்லாமல் தனியே வேலை செய்யத் தகுதியானவர் என்று அர்த்தம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு, பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் அதற்கென்றே தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏணி முழுவதும் இருக்கிறது, கீழ்ப்படி மட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில். இந்தப் பாடத்துறை எல்லாப் பாடசாலையிலும் இல்லை. இருக்கிற இடத்திலும், “படிக்காத பிள்ளைகளின் வகுப்பு” என்ற பெயர் முதல் நாளே ஒட்டிக்கொள்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இலிருந்து இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனமும் விவசாய இயந்திரமும், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம், கணினி என்று படிக்கலாம். நான் ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த இயந்திரங்களைப் பார்த்தபோது அப்பா இருந்திருந்தால் என்று தோன்றியது. இந்த நிறுவனம், தெற்கில் “ஜேர்மன் ரெக்” என்று எல்லாரும் அறிந்த மொரட்டுவை நிறுவனத்தின் வழியில் வந்தது. அந்த மூத்த நிறுவனம் 1959 இல் தொடங்கியதே இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களைத் திருத்த ஆள் வேண்டும் என்றுதான். தேவை ஒரு திருத்தகத்தில் பிறந்தது, கல்லூரி அதன் பின்னால் வந்தது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அறிவியல் நகர் போக மாங்குளம் போய், ஏ9 வீதியில் ஏறி, வடக்கே போகவேண்டும். ஐயன்கன்குளத்திலோ பாண்டியன்குளத்திலோ இருக்கிற ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தனக்கு மோட்டர் பிடிக்குமா, மரம் பிடிக்குமா, மருந்தகம் பிடிக்குமா என்று தெரியாமல் எப்படி அங்கே விண்ணப்பிக்கும்? ருசி பார்க்காத பிள்ளையிடம் என்ன சாப்பிடப் போகிறாய் என்று கேட்கிறோம்.

ருசி பார்க்கிறது என்றதும் சுவிஸில் இருக்கிற என் மச்சாளின் மகன் ஞாபகம் வருகிறான். அங்கே உள்ள எங்கள் ஆட்கள் “லேர செய்யிறான்” என்று சொல்வதை நீங்களும் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். லேர என்றால் தொழில் பழகுவது. கிழமையில் மூன்று நான்கு நாள் ஒரு நிறுவனத்தில் வேலை, ஒன்று இரண்டு நாள் தொழிற்பாடசாலை, மூன்று நான்கு வருடம், கையில் சம்பளமும் உண்டு. அந்த நாட்டில் கட்டாயக் கல்வி முடித்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வழியில்தான் போகிறார்கள். தோற்றவர்களின் வழி என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. இதற்கு முதல் இன்னொன்று இருக்கிறது, “ஸ்னுப்பர்லேர”. மோந்து பார்க்கிற பயிற்சி என்று சொல்லலாம். பதின்மூன்று பதினாலு வயதில் ஒரு வேலையிடத்தில் சில நாள் போய் நின்று பார்ப்பது. மருமகன் முதலில் ஒரு வெதுப்பகத்தில் மூன்று நாள் நின்றான். விடியப்புறம் எழும்ப ஏலாது என்று விட்டுவிட்டான். பிறகு ஒரு மின் வேலைக்காரரிடம் போய் நின்றான். அங்கேயே ஒட்டிக்கொண்டான். மூன்று நாள் செலவழித்து, மூன்று வருடத்தை மிச்சம் பிடித்தான்.

இங்கே எனக்கு வேண்டியது அந்த மூன்று நாள்தான். லேர மாதிரி முழு ஏற்பாடு வர சட்டமும் நிதியும் வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். மூன்று நாளுக்கு ஓர் அதிபரின் கையொப்பமும் ஒரு கடைக்காரரின் சம்மதமும் பெற்றோரின் கடிதமும் போதும். மல்லாவியில் பிள்ளைகள் போய் நிற்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆதார வைத்தியசாலை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், வங்கி, நெல் ஆலைகள், மர ஆலைகள், ரக்ரர் திருத்துகிற கராஜ்கள், தையற்கடைகள், பால் சேகரிக்கிற இடம், வவுனிக்குளத்து நன்னீர் மீன்பிடி. ஒரு சின்னப் பட்டினத்துக்கு இது குறைவில்லை.

எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். இதைக் கொழும்பிலிருந்து எழுதுகிற சுற்றறிக்கையால் சொல்லமுடியாது. காலபோக அறுவடை மாசியில் வரும். அப்போது ஆலைக்காரருக்கு மூச்சு விட நேரமில்லை, ஆனால் ஆலையில் பழக அதைவிட நல்ல நேரமும் இல்லை. ஈரப்பதன், தவிடு, குருணல், பெல்ற் கழலுகிற சத்தம் எல்லாம் அப்போதுதான். ரக்ரர் கராஜ்களுக்கு ஆவணி புரட்டாதி, உழவுக்கு முதல். எங்களுக்கு, வவுனிக்குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கிற காலத்திலிருந்து மழை விழும்வரை. அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஆறு மோட்டர் வந்து வரிசையில் கிடக்கும். மழை காலத்தில் பிள்ளைகளை அனுப்பினால் அவர்கள் என்னோடு சேர்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். ஆகவே போகத்தையும் தவணையையும் ஒரே மேசையில் விரித்து வைத்து நாள் குறிக்கவேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் இருந்து தண்ணி திறக்கிற திகதியைத் தீர்மானிக்கிறார்கள். அந்த மாதிரி, அதிபர்களும் கடைக்காரரும் வருடத்துக்கு ஒரு தரம் இருந்தால் என்ன?

பயப்படவேண்டிய விஷயமும் இருக்கிறது. 2021 இலிருந்து இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. அபாயகரமானவை என்று சட்டம் பட்டியலிட்ட வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்தக்கூடாது. நல்ல சட்டம். மீள்குடியேறின புதிதில் பள்ளிக்கூடம் விட்டுப் பழைய இரும்பு பொறுக்கப் போன சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணல் ஏற்றப் போன பிள்ளைகளையும் தெரியும். பயிற்சி என்ற பெயரில் மலிவு ஆள் பிடிக்கிற வேலையாக இது மாறிவிடக்கூடாது. எங்கள் கடையில் நாங்கள் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான்: பதினெட்டு ஆகாத பிள்ளை கிரைண்டரைத் தொடாது, மின்சாரம் கொடுத்துச் சோதிக்கிற மேசைக்கு வராது, வார்னிஷ் சூடாக்குகிற பக்கம் போகாது. கழற்றலாம், எழுதலாம், அளக்கலாம், கொயில் சுற்றலாம், இறக்கலாம். செருப்புப் போடாமல் உள்ளே வரக்கூடாது. பின்னேரம் நாலரைக்கு வீட்டுக்குப் போகவேண்டும், வேலை எவ்வளவு கிடந்தாலும். காயம் பட்டால் யார் பொறுப்பு என்பது முதல் நாளே கடதாசியில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சு பிறகு சண்டையில் முடியும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். என்னை அப்பா கடையில் வைத்திருந்தபோது கேளாத ஆட்கள் இல்லை. “பொம்பிளைப் பிள்ளையை ஏன் கிறீசுக்குள்ள வைச்சிருக்கிறியள்?” அப்பா பதில் சொல்லாமல் இன்னொரு கொயிலை என்னிடம் தருவார். இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விடிய எழும்பி, கம்பனி பஸ் ஏறி, கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது, தம்பி தங்கச்சி படிக்கிறார்கள். அதை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு வேறு ஒன்றைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது? வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மூன்று நாள், கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகத்தோடு மூன்று நாள், என் கடையில் மூன்று நாள் நின்றிருந்தால், அதற்குப் பிறகும் தையல் இயந்திரத்தைத் தெரிந்தெடுத்திருந்தால், அது தெரிவு. இப்போது அது பஸ் வருகிற வழி.

இதையெல்லாம் நான் மனதுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு பாடசாலைக்குப் போய்க் கதைத்தேன். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். மரியாதையாக இருத்தி, தேநீர் தந்து, கேட்டார்கள். பிறகு சொன்னார்கள், பெறுபேறு குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியது தாங்கள்தான் என்று. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: “கடைக்கு அனுப்பவோ நாங்கள் பள்ளிக்கூடம் விடுறம்?”

அந்தத் தகப்பன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம்! வீடு போனது, மாடு போனது, நகை போனது. படிப்பு ஒன்றுதான் கூட வரும் என்று எங்கள் அம்மா அப்பாமார் நம்பினார்கள். நம்பினதில் உண்மை இருந்தது. ஆனால் நான் கண்டது இன்னொன்றும் உண்டு. போர் முடிந்த 2009 இல், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் அப்பாவிடம் ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இருக்கவில்லை. ஆணி ஒன்றைக் கல்லில் தட்டி நுனியைத் தட்டையாக்கி, பக்கத்துக் கூடாரத்துக்காரரின் றேடியோவைத் திறந்தார். மூன்றாம் நாள் எங்கள் கூடார வாசலில் சனம். ஒருவர் சீனி கொண்டுவந்தார், ஒருவர் சவர்க்காரம். படிப்பு கூட வந்த மாதிரித்தான் அதுவும் கூட வந்தது. அந்தத் தகப்பனுக்கு இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

தம்பிக்கு என்.வி.கியூ. நான்கு கிடைத்தது ஒரு கதை. பயிற்சி நிலையத்துக்குப் போகாமல், ஏற்கனவே தொழில் தெரிந்தவரின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகச் சேர்க்கவேண்டும், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், கண் முன்னால் செய்து காட்டவேண்டும். தம்பி கொடுத்த சான்றுகளில் பாதி அப்பாவின் சாதகக் கொப்பிகள். மழையில் நனைந்தது, மண்ணெண்ணெய் ஊறினது, இரண்டு தரம் இடம்பெயர்ந்தது. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடையில் நிற்கிற பிள்ளைகளும் நாளாந்தம் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான். நைற்றா என்று நாங்கள் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, முதலாளியோடு ஒப்பந்தம் எழுதிப் பிள்ளையைப் பயிலுநராகப் பதிகிறது. அது 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற வழி, சின்னக் கடைக்கும் திறந்த வழி. அந்தப் படிவத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கிற ஆள் பாடசாலையில் ஒருவர் இருந்தால் போதும். பதின்மூன்றைக் கண்ட பெடியனுக்கு நாங்கள்தான் அந்த ஆளாக இருக்கவேண்டி வந்தது. பதிந்துவிட்டோம். கணக்குப் பாடத்துக்கும் மூன்றாம் தரம் விண்ணப்பித்திருக்கிறான். ஒருவரும் சொல்லி இல்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கணித ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு மோட்டரைக் கொண்டுவந்தார். சேர் இவனைப் படிப்பித்தவர். பெடியன் உள்ளே போய் நின்றுகொண்டான். நான்தான் கூப்பிட்டேன், தம்பி, சேரின்ர மோட்டரை நீயே கழற்று என்று.

கழற்றினான். சாதகம் எழுதினான். அதே 24 சிலொட். ஆசிரியர் வாங்கில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவன் நிமிராமலே சொன்னான்: “சேர், இதுகள எல்லாம் கூட்டிப் பாருங்கோ.”

ஆசிரியர் கூட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பேனையைக் கேட்டு வாங்கி, கொப்பியின் ஓரத்தில் ஒரு வட்டம் கீறி, இருபத்துநாலு கோடு போட்டு, நடுவில் சமச்சீர் அச்சைக் கீறினார். முப்பத்தாறு சிலொட் என்றால் என்ன வரும் என்று கேட்டார். “ரெண்டு முனைவு எண்டால் பத்தொன்பது, சேர்” என்றான். இருவரும் இன்னொரு மோட்டரைத் தேடத் தொடங்கினபோது நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

வெளிக்கிடும்போது சேர், திருத்த முடியாத ஒரு பழைய ஸ்ரேற்றர் இருந்தால் தருவியளோ என்று கேட்டார், பத்தாம் வகுப்புக்குக் காட்ட. பின்பக்கம் கிடந்ததில் ஒன்றை எடுத்துக் கருக்கைச் சுரண்டி, துணியால் துடைத்துக் கொடுத்தேன். பெடியன் அதை வாங்கி, வெள்ளைப் பெயின்ரால் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை ஒவ்வொரு சிலொட்டுக்கும் இலக்கம் எழுதினான். பெயின்ற் காயும்வரை சேர் நின்றார். பிறகு சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்கள், ஒருவர் பிடிக்க மற்றவர் கயிறு இழுத்து.

இப்போது அது வகுப்பறை மேசையில் இருக்கிறது. அடுத்த புதன்கிழமை ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஆசிரியர் தகவல் அனுப்பியிருக்கிறார். மூன்று பேர் பெண்பிள்ளைகள். நாங்கள் இன்னும் இரண்டு வாங்கு தேடிக்கொண்டிருக்கிறோம்.